முதலில் வந்தது எந்த அலை?

2004 டிசம்பர் 26 காலை 6 மணி 28 நிமிடம் 53 விநாடிக்குச் சுமத்ரா அருகே கடலுக்கு அடியில் பாறை உடையத் தொடங்கியது. நாகப்பட்டினத்தில் இருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 2,000 கிலோமீட்டர் தூரம். அங்கே கிளம்பிய முதல் அதிர்வலை சுமார் நான்கு நிமிடத்தில், அதாவது 6.33 வாக்கில், நாகை மண்ணுக்கு அடியில் வந்துவிட்டது. இரண்டாவது வகை அலை 6.36-ஐ ஒட்டி வந்தது. அதற்கும் பின்னால் மேற்பரப்பு அலைகள். கடல் ஊருக்குள் வந்தது ஒன்பது மணியை ஒட்டி. அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

ஆக, கடல் வருவதற்கு இரண்டரை மணி நேரம் முன்பே செய்தி தரை வழியாக வந்து போயிருக்கிறது. நிலநடுக்கக் கருவிகள் அதைப் பதியவும் செய்தன. பதிந்ததை உடனே படித்து, கரையில் இருப்பவரிடம் சேர்க்கும் ஏற்பாடுதான் அன்று இல்லை.

அந்தப் படிப்பு எப்படி நடக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. அதிலும் ஒரே ஒரு பகுதி: கருவியை ஆட்டிய அலை எந்த வகை என்பதைச் சில விநாடிகளில் கண்டுபிடிப்பது. நிலநடுக்க முன்னெச்சரிக்கையின் மற்ற வேலைகள் எல்லாம் இதன் மேல்தான் நிற்கின்றன. இதில் தப்பினால் பின்னால் வரும் கணக்கு அத்தனையும் தப்பு.

அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடலாம். இன்ன தேதியில் நிலநடுக்கம் வரும் என்று சொல்ல உலகத்தில் யாரிடமும் வழி இல்லை. வாட்ஸ்அப்பில் தேதி போட்டு வருபவற்றை யோசிக்காமல் அழித்துவிடலாம். முன்னெச்சரிக்கை வேறு. பாறை உடைந்து முடிந்த, அல்லது உடைந்துகொண்டே இருக்கிற நிலநடுக்கத்தைப் பற்றி, அதன் பலத்த குலுக்கல் இன்னும் போய்ச் சேராத ஊருக்குச் சொல்வது. அதிர்வலை விநாடிக்குச் சில கிலோமீட்டர்தான் போகிறது. கம்பி வழியாகவோ காற்று வழியாகவோ போகும் செய்திக்கு அந்தத் தூரமெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. இந்த யோசனை பழையது. 1868-லேயே சான் ஃபிரான்சிஸ்கோவில் ஜே. டி. கூப்பர் என்ற மருத்துவர், தூரத்தில் கருவி வைத்து, அது அதிர்ந்தால் தந்திக் கம்பி வழியாக நகரத்தில் மணி அடிக்கச் செய்யலாம் என்று பத்திரிகையில் எழுதினார். அவர் காலத்தில் யாரும் செய்து பார்க்கவில்லை.

பி, எஸ், அப்புறம் மேற்பரப்பு

பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். முதன்மை அலை, சுருக்கமாக பி அலை. இது போகும் திசையிலேயே பாறையை அமுக்கி, விரித்து, அமுக்கி, விரித்து நகரும். மேலோட்டுப் பாறையில் விநாடிக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர் வேகம். திடப்பொருள், தண்ணீர் இரண்டிலும் போகும். இரண்டாம் நிலை அலை, எஸ் அலை. இது போகும் திசைக்குக் குறுக்காகப் பாறையை அசைக்கும். வேகம் விநாடிக்குச் சுமார் 3.5 கிலோமீட்டர். தண்ணீருக்குள் போகாது, ஏனென்றால் குறுக்கே தள்ளினால் திரும்பி வரும் விறைப்பு தண்ணீரிடம் இல்லை. மேற்பரப்பு அலைகள் இன்னும் மெதுவாக, தரையை ஒட்டியே வருபவை. தூரத்து நிலநடுக்கத்தில் உயரமான கட்டடங்கள் ஆடுவது பெரும்பாலும் இவற்றால்தான்.

ஒரே பதிவில் இந்த மூன்றையும் பிரித்து அடையாளம் காட்டியவர் ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்தவர். 1897 ஜூன் 12 அன்று அசாமை உலுக்கிய பெரும் நிலநடுக்கம் ஐரோப்பாவில் இருந்த கருவிகளில் விட்டுச்சென்ற கோடுகளை வைத்துக்கொண்டுதான் இதைச் செய்தார். நம் நாட்டு நிலநடுக்கத்தில் இருந்து பிறந்த அறிவு இது என்று பாடப் புத்தகங்கள் ஏனோ அழுத்திச் சொல்வதில்லை. அதே ஓல்டாம் 1906-இல் பூமிக்கு நடுவில் தனியாக ஒரு கருவம் உண்டு என்பதையும் இந்த அலைகளின் வருகை நேரத்தை வைத்தே காட்டினார்.

முன்னெச்சரிக்கைக்கு முக்கியமானது இதுதான்: வேகமாக வருகிற பி அலை பலம் குறைந்தது, பின்னால் வருகிற எஸ் அலைதான் சுவரைச் சாய்ப்பது. கிளம்பும் இடத்திலேயே எஸ் அலையின் வீச்சு பி அலையைவிடக் கோட்பாட்டுப்படி சுமார் ஐந்து மடங்கு. போதாக்குறைக்கு, அது பக்கவாட்டில் ஆட்டும். நம் வீடுகள் மேலிருந்து கீழே வரும் பாரத்தைத் தாங்கக் கட்டப்பட்டவை. பக்கவாட்டு இழுப்புக்குச் செங்கல் சுவர் அவ்வளவு ஒத்துழைக்காது.

இரண்டு அலைக்கும் நடுவில் உள்ள இடைவெளியை வைத்துத் தூரத்தைச் சொல்லிவிடலாம். கும்பகோணத்தில் இருந்து மயிலாடுதுறைக்கு ஒரு பாயிண்ட் டு பாயிண்ட் பஸ்ஸும் ஒரு டவுன் பஸ்ஸும் ஒரே நேரத்தில் கிளம்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆடுதுறையில் நிற்பவர் இரண்டையும் சில நிமிட இடைவெளியில் பார்ப்பார். குத்தாலத்தில் இடைவெளி கூடும். மயிலாடுதுறையில் இன்னும் கூடும். எப்போது கிளம்பின என்பது தெரியாமலேயே, இடைவெளியை மட்டும் வைத்து, நாம் புறப்பட்ட இடத்தில் இருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறோம் என்று கணக்குப் போடலாம். அலைகளுக்கு அந்தக் கணக்கு: பி வந்ததற்கும் எஸ் வந்ததற்கும் நடுவே ஒரு விநாடிக்குச் சுமார் 8 கிலோமீட்டர். ஐந்து விநாடி என்றால் 40 கிலோமீட்டர். சில நூறு கிலோமீட்டர் வரைக்கும் இது சரியாக வரும். சுமத்ரா மாதிரித் தூரத்துக்கு வராது. அலைகள் பூமியின் ஆழத்தில் வேகமான பாறைக்குள் போய் வருவதால் தனி அட்டவணை வேண்டும்.

எந்திரம் எப்படிப் பார்க்கிறது

பதிவுத் தாளை மேசையில் விரித்து வைத்துப் பார்த்தால் பி எங்கே, எஸ் எங்கே என்று கொஞ்சம் பழகியவர் யாரும் சொல்லிவிடுவார். முழு அலையும் கண் முன்னே கிடக்கிறது. முன்னெச்சரிக்கையில் அந்த வசதி இல்லை. எஸ் அலை இன்னும் வந்திருக்காது. ‘இப்போது ஆரம்பித்திருப்பது பி-தானா?’ என்று, அது ஆரம்பித்து ஓரிரு விநாடிக்குள் முடிவு செய்ய வேண்டும்.

பழைய, இன்றும் பரவலாக ஓடுகிற வழி ஒன்று உண்டு. கடைசி ஒரு விநாடியின் சராசரி அதிர்வை எடு. கடைசி அரை நிமிடத்தின் சராசரி அதிர்வை எடு. முதலாவதை இரண்டாவதால் வகு. தரை வழக்கம்போல் இருந்தால் விடை ஒன்றை ஒட்டி இருக்கும். திடீரென்று ஐந்து, ஆறு என்று ஏறினால் ஏதோ வந்திருக்கிறது. செலவில்லாத கணக்கு, சின்னச் சிப் போதும். ஆனால் இது ‘ஏதோ வந்திருக்கிறது’ என்று மட்டும்தான் சொல்லும். வந்தது நிலநடுக்கமா, நெல் அறுக்கும் மெஷினா, வேகத்தடையில் ஏறி இறங்கிய மணல் லாரியா என்று சொல்லாது.

அடுத்த கேள்விதான் வகை பற்றியது. நிலநடுக்கக் கருவி மூன்று திசையில் அளக்கும்: மேல்-கீழ், வடக்கு-தெற்கு, கிழக்கு-மேற்கு. ஆழத்தில் இருந்து வரும் அலை, மேலே வர வர வேகம் குறைந்த மண்ணுக்குள் நுழைவதால், செங்குத்தை நோக்கி வளையும். கடைசியில் ஏறக்குறைய நேராகக் கீழிருந்து வருகிறது. பி அலை போகும் திசையிலேயே ஆட்டுவதால் அது மேல்-கீழ் கோட்டில் பெரிதாகத் தெரியும். எஸ் அலை குறுக்காக ஆட்டுவதால் மற்ற இரண்டு கோடுகளில் பெரிதாகத் தெரியும். ஆக, மேல்-கீழ் அசைவையும் பக்கவாட்டு அசைவையும் ஒப்பிட்டுக்கொண்டே இருந்தால், விகிதம் மாறும் இடத்தில் எஸ் வந்துவிட்டது என்று பிடித்துவிடலாம். பி அசைவு ஒரே கோட்டில் ஒழுங்காக இருக்கும் என்பது இன்னொரு அடையாளம். லாரி அதிர்வுக்கு அந்த ஒழுங்கு கிடையாது.

இதற்கு மேல் பக்கத்து நிலையத்தைக் கேட்பது. உண்மையான பி அலை ஒரு நிலையத்தில் தட்டினால், 30 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நிலையத்திலும் சில விநாடிக்குள் தட்டியாக வேண்டும். லாரி அப்படிப் போகாது. ஆனால் அந்தக் காத்திருப்பு விநாடிகளைத் தின்னும். முன்னெச்சரிக்கை அமைப்பை வடிவமைப்பவர்கள் ஓயாமல் போடும் சண்டை இதுதான்: எத்தனை நிலையம் சொன்னால் நம்புவது?

எஸ்ஸை பி என்று எண்ணினால்

பி வந்துவிட்டது என்று முடிவான பிறகு, பல அமைப்புகள் அதன் முதல் மூன்று விநாடியை எடுத்துக்கொள்கின்றன. அந்த மூன்று விநாடியில் தரை அதிகபட்சம் எவ்வளவு நகர்ந்தது, அசைவு வேகமாக நடுங்கியதா, மெதுவாக அசைந்ததா என்று பார்த்து நிலநடுக்கத்தின் அளவை மதிப்பிடுகின்றன. பெரிய நிலநடுக்கத்தின் பி அலை ஆரம்பத்திலேயே மெதுவான, பெரிய அசைவாக இருக்கும்.

இங்கேதான் சிக்கல். நிலநடுக்கம் கருவிக்கு 20 கிலோமீட்டர் தூரத்தில் நடந்தால், மேலே சொன்ன கணக்குப்படி இரண்டரை விநாடியிலேயே எஸ் வந்துவிடும். நாம் பி என்று நினைத்து எடுத்த மூன்று விநாடிக்குள் எஸ் நுழைந்துவிட்டது. வீச்சு ஐந்து மடங்கு ஏறுகிறது. வீச்சு பத்து மடங்கானால் அளவு ஒன்று கூடும் என்ற எளிய மடக்கைக் கணக்கில் அளவு 0.7 கூடும், 5.5 நிலநடுக்கம் 6.2 ஆகிவிடும். ஒரு சராசரி அதிர்வுக்கு மாவட்டம் முழுக்கச் சங்கு ஊதும்.

இன்னொரு தப்பும் உண்டு. தூரத்து நிலநடுக்கத்தின் மெலிந்த பி அலை இரைச்சலில், அதாவது நிலநடுக்கம் அல்லாத மற்ற அதிர்வுகளில், முங்கிப்போய், எஸ் வந்தபோதுதான் கருவி விழித்துக்கொள்கிறது. அதைப் பி என்று எண்ணினால் நேரம் தப்பு, நேரம் தப்பினால் இடம் தப்பு, இடம் தப்பினால் எந்த ஊருக்குச் சொல்வது என்பதும் தப்பு. அதனால்தான் பி-யைப் பிடிப்பதைப் போலவே எஸ்ஸை ‘இது பி இல்லை’ என்று ஒதுக்குவதும் சம அளவு முக்கியம். ஆரம்பப் பாடங்களில் இந்த இரண்டாவது பாதியை விட்டுவிடுகிறார்கள்.

ஜப்பான் வானிலை நிறுவனம் 2007 அக்டோபர் 1 முதல் பொதுமக்களுக்கு எச்சரிக்கை தருகிறது; உலகத்தில் இதில் மிக அனுபவம் உள்ளவர்கள். அவர்களுக்கும் 2013 ஆகஸ்ட் 8 அன்று சறுக்கியது. ஒரு சிறு அதிர்வு நடந்த அதே சமயத்தில் கடலடிக் கருவி ஒன்றில் இரைச்சல் ஏற்பட, இரண்டையும் சேர்த்துப் பார்த்த கணினி 7.8 என்று மதிப்பிட்டு எச்சரித்துவிட்டது. 2018 ஜனவரி 5-இல் ஒன்றுக்கொன்று தொலைவில் நடந்த இரண்டு தனி அதிர்வுகளை ஒன்றாக எண்ணி மறுபடியும் ஒரு பொய் எச்சரிக்கை.

வண்டல் மண்ணில் கருவி வைத்தால்

டெல்டாவில் இந்த வேலைக்குச் சாதகமும் உண்டு, பாதகமும் உண்டு. பாதகம்தான் கூடுதல் என்பது என் எண்ணம்.

திருவாரூர், நாகை பக்கம் எண்ணெய், எரிவாயு தேட வயலில் துளை போட்டு, சிறு வெடி வைத்து, நீளமாக ஒயர் போட்டுக் கருவிகளை நட்டு வைத்திருப்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். நிலஅதிர்வு ஆய்வு என்று சொல்லி வருவார்கள். அந்த ஆய்வில் தேடுவதும் பெரும்பாலும் பி அலையின் எதிரொலியைத்தான். கெட்டிப் பாறைக்கு மேல் காவிரிப் படுகையில் படிந்திருக்கும் படிவு சில இடங்களில் பல கிலோமீட்டர் கனம் என்பது இப்படிப்பட்ட ஆய்வுகளாலும் ஆழ்துளைக் கிணறுகளாலும் தெரிய வந்தது. மேலே கிடக்கும் வண்டலில் எஸ் அலை விநாடிக்குச் சில நூறு மீட்டர்தான் போகும். நிலத்தடி நீர் மேலாக இருக்கும் இடத்தில் பி அலை மட்டும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு 1,500 மீட்டருக்குக் குறையாமல் ஓடும்.

சாதகம்: வேகம் இப்படிச் சரிவதால் அலை நன்றாகச் செங்குத்தாக வளைந்து வரும், பி மேல்-கீழ் கோட்டிலும் எஸ் பக்கவாட்டுக் கோட்டிலும் தெளிவாகப் பிரியும்.

பாதகம் ஒன்று, இரைச்சல். மென்மண் எந்த அதிர்வையும் பெரிதாக்கும். பாறையில் உட்கார்ந்த கருவி கண்டுகொள்ளாத பஸ், ரயில், மோட்டார் எல்லாம் இங்கே பதியும். சுமார் 300 டன் எடை சொல்லப்படும் திருவாரூர் ஆழித்தேர் ஓடும் நாளில் அந்த ஊரில் நிலநடுக்கக் கருவி வைத்துப் பார்த்தால் என்ன வரும் என்று எனக்கு ஓர் ஆசை உண்டு. டெல்டாவுக்குள் பாறை தலைகாட்டுவதே அபூர்வம். மலைக்கோட்டை நிற்கிற திருச்சி வரைக்கும் போக வேண்டும். அதனால் இப்படிப்பட்ட மண்ணில் கருவியை ஆழ்துளைக்குள் இறக்குவார்கள்.

பாதகம் இரண்டு இன்னும் நுட்பமானது. கெட்டிப் பாறையில் வந்த எஸ் அலை, படிவின் அடிப்பகுதியில் மோதும்போது அதில் ஒரு பங்கு பி அலையாக மாறிவிடும். மாறிய பங்கு படிவுக்குள் வேகமாக ஓடி, உண்மையான எஸ் வருவதற்கு முன்பே கருவிக்கு வந்து, மேல்-கீழாக ஆட்டும். ‘மேல்-கீழ் ஆட்டினால் பி’ என்று மட்டும் சொல்லிக்கொடுத்த எந்திரம் இங்கே ஏமாறும். கலிஃபோர்னியாவிலோ இமயமலையிலோ சரியாக ஓடும் ஒன்றைக் கொண்டுவந்து மன்னார்குடியில் அப்படியே மாட்டிவிட முடியாது.

இப்போது வரும் வழிகள் இயந்திரக் கற்றலை நம்புகின்றன. மூன்று திசைப் பதிவின் சில விநாடித் துண்டைக் கொடுத்தால், ‘பி-க்கு இவ்வளவு வாய்ப்பு, எஸ்ஸுக்கு இவ்வளவு, இரைச்சலுக்கு இவ்வளவு’ என்று சொல்லும். 2018-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் தெற்குக் கலிஃபோர்னியா, ஜப்பான் இரண்டிலும் இருந்து எடுத்த 3 லட்சம் அலைப்பதிவுகளில் பழக்கிய நிரல், பி அலைகளில் 99.2 சதவீதத்தையும் இரைச்சலில் 98.4 சதவீதத்தையும் சரியாக அடையாளம் கண்டது. அருமையான எண்கள். ஆனால் இரைச்சலில் மிச்சம் 1.6 சதவீதம் என்பது சின்ன விஷயம் இல்லை. இரைச்சல் நாள் முழுக்க வந்துகொண்டே இருக்கும், நிலநடுக்கம் எப்போதோ ஒரு முறைதான். தவிர, காவிரி வண்டலின் பதிவுகள் அந்தப் பாடத்தில் இல்லை.

எத்தனை விநாடி கிடைக்கும்

ஒரு கற்பனைக் கணக்கு போடலாம். நாகைக்குக் கிழக்கே 20 கிலோமீட்டரில் கடலுக்குள், 10 கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு நிலநடுக்கம். கருவி நாகையில். பி வந்து சேரச் சுமார் நான்கு விநாடி, அதைப் படிக்க மூன்று, முடிவெடுத்து அனுப்ப இரண்டு. ஒன்பதாவது விநாடியில் எச்சரிக்கை போகிறது. நாகைக்கு எஸ் ஆறரை விநாடியிலேயே வந்துவிட்டது, அங்கே எச்சரிக்கையே இல்லை. கும்பகோணத்துக்குச் சுமார் 12 விநாடி மிஞ்சும். தஞ்சாவூருக்குப் பதினெட்டு. திருச்சிக்கு அரை நிமிடம். அதிகமாகக் குலுங்கும் ஊருக்குத்தான் எதுவும் கிடைப்பதில்லை. இந்த முறையின் பெரிய வருத்தம் இது. மெக்சிகோ சிட்டியும் பழைய ஏரியின் களிமண் மேல் உட்கார்ந்த ஊர். முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் கடற்கரையில் நடந்தால் அங்கே ஒரு நிமிடம் வரைக்கும் கிடைக்கும். 2017 செப்டம்பர் 19-இல் சுமார் 120 கிலோமீட்டரில் நடந்தபோது, ஊரே ஆடத் தொடங்கிய சமயத்தில்தான் சங்கும் ஊதியது.

பன்னிரண்டு விநாடியில் என்ன ஆகும்? ரயில் பிரேக் போடும். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் வடகிழக்கில் பயணிகளோடு ஓடிக்கொண்டிருந்த ஷின்கான்சென் அதிவேக ரயில் ஒன்றுகூடத் தடம் புரளவில்லை. எரிவாயுக் குழாயை மூடலாம், லிஃப்டை அடுத்த மாடியில் நிறுத்தலாம், மேசைக்கு அடியில் போகலாம்.

அதே 2011 நிலநடுக்கம் இந்த முறையின் எல்லையையும் காட்டியது. உண்மை அளவு 9.0, முன்னெச்சரிக்கைக் கணினி கடைசி வரைக்கும் 8.1-ஐத் தாண்டவில்லை. பெரும் நிலநடுக்கம் ஒரு புள்ளியில் நடப்பதில்லை. 2004-இல் சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாறை உடைந்துகொண்டே போயிற்று, எட்டுப் பத்து நிமிடம். முதல் மூன்று விநாடியில் பின்னால் வரப்போவது எழுதப்பட்டிருக்காது. அதனால் சுனாமிக்கு வேறு அலைகளையும் படிக்க வேண்டும்: மெதுவாக, நீளமாக அசையும் அலைகள். ஹைதராபாத்தில் உள்ள இந்தியச் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் 2007 அக்டோபரில் இருந்து இந்த வேலையைச் செய்கிறது. உடைப்பு மேலும் கீழுமாகவா, பக்கவாட்டிலா என்பதும் அலைகளில் இருந்தே தெரியும். 2012 ஏப்ரல் 11-இல் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 வந்தபோது நம் கரையில் மக்களை வெளியேற்றினார்கள். பெரிய அலை வரவில்லை. பாறை பக்கவாட்டில் நழுவியதால் கடலைத் தூக்கிவிடும் செங்குத்து அசைவு குறைவு. அதைச் சிலர் ‘பொய் எச்சரிக்கை’ என்று இன்னும் சொல்வது நியாயமில்லை.

டெல்டாவுக்கு எது தேவை? இந்தியத் தர நிர்ணய அமைப்பின் 2002, 2016 பதிப்பு வரைபடங்களில் நம் மாவட்டங்கள் இரண்டாம் மண்டலம், ஆபத்து குறைந்த வகை. 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அப்பால் கடலில் 5.5-ஐ ஒட்டி ஒன்று வந்ததை மறக்க வேண்டாம்; ஆனாலும் விநாடி எச்சரிக்கைக்காகத் தனியாகக் கருவி வலை போடும் அளவுக்கு இங்கே அவசரம் இல்லை என்றே நினைக்கிறேன். அந்தப் பணம் முதலில் இமயமலை அடிவாரத்துக்குப் போக வேண்டும். உத்தராகண்டில் ஐஐடி ரூர்க்கியின் உதவியோடு 2021-இல் கைபேசிச் செயலி வழியாகவே எச்சரிக்கை தொடங்கிவிட்டார்கள்.

நமக்கு இப்போதைக்குக் கையில் இருப்பது ஆண்ட்ராய்டு போன். இந்தியாவில் 2023 செப்டம்பரில் இருந்து நிலநடுக்க எச்சரிக்கை அதில் உண்டு. சும்மா மேசை மேல் கிடக்கும் போன்களின் அசைவு உணரிகளே சின்னக் கருவிகளாக வேலை செய்து, ஒரே பகுதியில் பல போன்கள் ஒரே சமயத்தில் நடுங்கினால் கணினிக்குச் சொல்கின்றன. 4.5-க்கு மேல் என்று மதிப்பிட்டால்தான் செய்தி வரும். செட்டிங்ஸில் பாதுகாப்பு, அவசரநிலை என்ற பகுதிக்குள் போய், நிலநடுக்க எச்சரிக்கை ‘ஆன்’ ஆகி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சத்தம் வந்தால் வெளியே ஓட வேண்டாம். கட்டிலுக்கோ மேசைக்கோ அடியில் புகுந்து பிடித்துக்கொள்ளுங்கள். ஓட்டு வீடாக இருந்து, வாசல் இரண்டே எட்டில் இருந்தால் வெளியே போய்விடலாம். கடற்கரை ஓரம் இருப்பவர்கள், குலுக்கல் நின்றபிறகு கடலைவிட்டு உள்பக்கமாக நடந்துவிட்டு, சுனாமி இல்லை என்ற அறிவிப்பு வந்த பிறகு திரும்புவது நல்லது.